அம்மா போட்ட தையல்

அத்தியாயம் 14

இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர் கேட்பார், க்ளட்ச் மேடம் பதில் சொல்லியாக வேண்டும். ஆபரேஷனா, நார்மலா?

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. மேடத்துக்கு இது முப்பத்தாறாவது வாரம், இரண்டாவது குழந்தை. பத்து வருஷமாக ட்ரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். "க்ளட்ச்! க்ளட்ச்!" என்று கத்திக் கத்தியே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. போன வாரம் சாப்பாட்டு மேசையில் அவள் மெல்ல, "எனக்கு ஆபரேஷனே போதும்" என்றாள். அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது. இரண்டு என்றால், ஒரு பக்கம் அவள் மட்டும். மறுபக்கம் அவளுடைய அம்மாவும் கணவனும். ஐந்து வயது மகள் வாண்டு, "பாப்பா வெளிய வர வயித்துல ஜிப் வெப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுத் தன் தட்டில் மும்முரமானாள்.

அம்மா சாதாரண அம்மா இல்லை. பிரசவ வார்டில் முப்பத்தொரு வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவள். ரிடையராகி நாலு வருஷம் ஆன பிறகும் ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் 'பெரிய சிஸ்டர்'தான். மகளுக்கு முதல் பிரசவம் பார்த்ததும் அவளே.

"முதல்ல நார்மல்னா ரெண்டாவது வழுக்கிட்டு வந்துரும்டி. இதுக்குப் போய் யாராச்சும் வயித்தக் கிழிச்சுக்குவாங்களா?"

"பயமா இருக்கும்மா" என்றாள் மேடம். அதற்கு மேல் அவள் வாயைப் பிடுங்கியும் ஒரு வார்த்தை வரவில்லை.

காலை எட்டு மணிக்கு ஸ்டியரிங்கில், கார் பழக வந்த ஒரு பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க அடுத்தவர் வாயில் மெஷினை விட்டுக் குடைகிறவர். அங்கே நடுங்காத கை ரவுண்டானாவைப் பார்த்தால் நடுங்கும்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கண்ணாடியப் பாத்துட்டுக் கேளுங்க."

"ஏன் தினமும் இதே ரூட்டு? ஊர்ல வேற ரோடே இல்லையா?"

"இதுலதான் திருப்பம் ஜாஸ்தி."

"ரெண்டே ரெண்டு திருப்பம்தான் இருக்கு, மேடம்."

"அந்த ரெண்டையும் நீங்க இன்னும் ஒழுங்கா திருப்பல."

பல் டாக்டர் கண்ணாடியைப் பார்த்தார். அவர் சொன்னது சரிதான். அந்த ரூட்டில் திருப்பம் கிடையாது, கழிப்பறைதான் உண்டு. ஸ்கூலில் இருந்து ஆறு நிமிஷத்தில் பெட்ரோல் பங்க், அங்கிருந்து ஐந்து நிமிஷத்தில் நூலகம், அப்புறம் துணிக்கடை, திரும்பவும் பங்க். எந்தக் கதவில் தாழ்ப்பாள் சரியில்லை, எதற்குச் சாவி வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

வாண்டு பிறந்த நாளில் இருந்து மேடத்தால் அடக்க முடிவதில்லை. சிறுநீராக இருந்தால்கூட யாரிடமாவது சொல்லிச் சிரித்திருப்பாள். இது மற்றது. காற்று அவளைக் கேட்காமல் போகும். வயிறு கலங்கினால் இரண்டு நிமிஷம்தான் அவகாசம். கைப்பையில் எப்போதும் மாற்றுத் துணி இருக்கும். சினிமா, விருந்து, தூரப் பயணம் எதற்குக் கூப்பிட்டாலும் "வயிறு சரியில்ல" என்று ஒரே பதில். கணவனுக்குக்கூடத் தெரியாது. தன் மேல் துளித் தப்பு இல்லாத விஷயத்துக்கு இந்தப் பெண் ஐந்து வருஷம் வெட்கப்பட்டாள். எனக்கே அவளைப் பிடித்து உலுக்கலாம் போல இருக்கிறது. ஆனால் அவள் இடத்தில் இருந்தால் நான் யாரிடம் சொல்லியிருப்பேன்?

துணிக்கடைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சிமென்ட் லாரி குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் நகர முடியவில்லை, பின்னாலும் நகர முடியவில்லை. மேடத்துக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது.

"ஓரங்கட்டுங்க."

"இங்கயா? பின்னாடி பஸ்ஸு..."

"ஓரங்கட்டுங்கன்னா ஓரங்கட்டுங்க சார்!"

வண்டி நிற்பதற்குள் பெல்ட்டைக் கழற்றி இறங்கினாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஓடினாள். முப்பத்தாறு வாரத்தில் அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. கடைப் படியில் கால் வைக்கும்போதே காரியம் கைமீறிவிட்டது.

கால் மணி நேரம் கழித்து வேறு துணியில் திரும்பி வந்தவளைப் பார்த்துப் பல் டாக்டர் பரிவாகச் சொன்னார். "கடைசி மாசத்துல என் வைஃபுக்கும் இப்படித்தான், மேடம். அடிக்கடி ஓடுவாங்க."

"ஆமா சார். கடைசி மாசம்" என்றாள்.

எட்டு மாதமாக இந்தக் கர்ப்பம் அவளுக்கு நல்ல சாக்காக இருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் அந்தச் சாக்கும் பிறந்துவிடும்.

போன மாதம்தான் முதல் தடவையாகப் பிரசவ டாக்டரிடம் வாய் திறந்தாள். டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்பினார். தனியாகப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கும் தசை முதல் பிரசவத்தில் கிழிந்திருக்கிறது, அதைச் சேர்த்துத் தைக்காமல் மேலே மட்டும் தைத்திருக்கிறார்கள் என்று டாக்டர் விளக்கினார். அடுத்து ஒரு கேள்வி கேட்டார்.

"தையல் போட்டது யாரு?"

"டூட்டி நர்ஸ், டாக்டர். பேர் ஞாபகமில்ல."

மேடம் அதிகம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அன்றைக்குச் சரளமாக வந்தது. அந்த டூட்டி நர்ஸ் இன்றைக்கும் போகிற இடமெல்லாம், "என் பொண்ணுக்கு என் கையாலயே தையல் போட்டேன். ஒரு தழும்பு காட்டுங்க பாக்கலாம்" என்று பெருமை அடித்துக்கொண்டிருக்கிறாள். பெற்ற அம்மாவிடம் போய் என்னவென்று சொல்வது? உன் கை என்னைக் கெடுத்துவிட்டது என்றா?

ஸ்கேன் ரிப்போர்ட் டாக்டரின் கம்ப்யூட்டருக்கு நேராகப் போய்விட்டது. கையில் கொடுத்த பிரதியை வாண்டுவின் தடுப்பூசி ஃபைலுக்குள் சொருகிவைத்தாள். அந்த ஃபைலை அவளைத் தவிர யாரும் தொடுவதில்லை என்று நினைத்திருந்தாள்.

மத்தியானம் மூன்று மணிக்குச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த கணவன் அந்த ஃபைலைத் தொட்டான். வாண்டுவின் ஸ்கூலில் தடுப்பூசி அட்டை கேட்டிருந்தார்கள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷன், தங்கமான கை. எதைக் கழற்றுவதற்கு முன்னாலும் போனில் போட்டோ எடுத்துக்கொள்வான். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று பிறகு குழம்பக் கூடாது என்பது அவன் தொழிலில் படித்த பாடம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், வாண்டுவின் சளி மருந்து பாட்டில் என்று மருத்துவச் சமாச்சாரம் எது கண்ணில் பட்டாலும் ஒரு போட்டோ. எடுத்த கையோடு மாமியாருக்கு அனுப்பிவிடுவான். பெரிய சிஸ்டர் படித்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, தைரியமா இருங்க" என்று சொன்னால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். கல்யாணமான ஏழு வருஷமாக அந்த வீட்டில் இதுதான் நடைமுறை.

ஃபைலுக்குள் புதிதாக ஒரு ரிப்போர்ட் இருந்தது. மனைவி பெயர், போன மாதத் தேதி. எழுதியிருந்ததில் பாதி அவன் வாயில் நுழையவில்லை. போட்டோ எடுத்தான்.

'அத்தை, இது எதுக்கு எடுத்ததுன்னு தெரியல. நாலு மணிக்கு டாக்டரப் பாக்குறப்ப எதுவும் விட்டுப்போகக் கூடாதுல்ல. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.'

அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். பதில் வரவில்லை. பாவம், தூங்குகிறார் போல என்று நினைத்துக்கொண்டான்.

பெரிய சிஸ்டர் தூங்கவில்லை. அழகு நிலையத்தில் தலை முழுக்கச் சாயத்தோடு உட்கார்ந்திருந்தாள். பேரக்குழந்தையைக் கையில் வாங்கும்போது எடுக்கிற போட்டோவில் நரை தெரியக் கூடாதாம். கழுத்தைச் சுற்றி பிளாஸ்டிக் துணி, முப்பத்தைந்து நிமிஷம் அசையக் கூடாது என்று உத்தரவு.

மடியில் இருந்த போன் ஒளிர்ந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு போட்டோவைப் பெரிதாக்கினாள்.

முதல் தடவை படித்தபோது வேறு யாருடைய ரிப்போர்ட்டோ என்று நினைத்தாள். மேலே பெயரைப் பார்த்தாள். இரண்டாவது தடவை படித்தாள். முப்பத்தொரு வருஷம் இந்த மொழியில் புழங்கியவளுக்கு அதில் ஒரு எழுத்துகூடப் புரியாமல் இல்லை.

வாண்டு பிறந்த அன்றைக்கு டாக்டர் வர நேரமாகும் என்றார்கள். குழந்தை பிறந்துவிட்டது, ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் விரலை வைத்துக் கிழிசல் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வார்டில் சேர்ந்த முதல் வாரமே படித்தது. யாருக்கும் பார்க்காமல் இருந்ததில்லை. கத்தினாலும் பார்த்தாள், உதைத்தாலும் பார்த்தாள், "கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்று அதட்டிவிட்டுப் பார்த்தாள். அன்றைக்கு மகள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "போதும்மா, தொடாதம்மா" என்று அழுதாள். பெரிய சிஸ்டர் தொடவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் அழகாகச் சேர்த்துத் தைத்தாள்.

ஊரான் பெற்ற பெண்ணாக இருந்திருந்தால் பார்த்திருப்பாள். தன் பெண் என்பதால் மனசு கேட்கவில்லை. மனசு கேட்காததற்கு விலை கொடுத்தவள் மகள்.

"என்ன சிஸ்டர், முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு? சாயம் எரியுதா?" என்றாள் சாயம் பூசிவிட்ட கடைக்காரப் பெண். அவளுக்கும் பிரசவம் பார்த்தது இவள்தான். "நீங்க போட்ட தையலப் பத்தி நேத்துகூட எங்க அக்காகிட்ட சொல்லிட்டிருந்தேன். கைன்னா அது கைன்னு."

பெரிய சிஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"உனக்கு அடக்க முடியுதா?"

"எதை?"

"வெளிக்கி வந்தா. காத்து வந்தா. நீ நெனச்ச நேரம் வரைக்கும் அடக்க முடியுதா?"

கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள். "என்ன சிஸ்டர் இது, நடுக்கடையில உக்காந்துக்கிட்டு! அதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன்." அப்புறம் சிஸ்டரின் கண்ணைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"தலையக் கழுவி விடு."

"இன்னும் இருவது நிமிஷம் இருக்கே. பாதி கறுப்பு, பாதி செம்பட்டையா நிக்கும்."

"நிக்கட்டும். கழுவு."

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. கிளினிக்கின் காத்திருக்கும் இடத்தில் மேடமும் மெக்கானிக்கும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் சிரிக்கிற குழந்தைகளின் படங்கள், மூலையில் தண்ணீர் மெஷின். மேடம் வழக்கம்போலக் கழிப்பறைக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்திருந்தாள்.

வாசலில் அம்மா வந்து நின்றாள். தலை ஈரம். முன்பக்கம் செம்பட்டை, பின்பக்கம் கறுப்பு. மெக்கானிக் சிரிக்க வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து அடங்கிக்கொண்டான்.

"எத்தன நாளாடி?"

"எதும்மா?"

"எதுன்னு உனக்குத் தெரியும்."

மேடம் கணவன் பக்கம் திரும்பினாள். "ஃபைலப் பாத்தீங்களா?"

"ஸ்கூல்ல அட்டை கேட்டாங்க. உள்ள ஏதோ ரிப்போர்ட் இருந்துச்சு. அத்தைக்கு அனுப்பினேன், எப்பவும் அனுப்புறதுதானே?" அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன ஆச்சு? யாராச்சும் வாயத் தொறங்களேன்."

அதற்குள் உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நிதானமான பெண். பெரிய சிஸ்டரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார், எழுந்து வணக்கம் சொன்னார். அம்மா உட்காரவில்லை.

"டாக்டர், இவளுக்கு மொத பிரசவத்துல தையல் போட்டது யாருன்னு கேட்டிருப்பீங்க. என்ன சொன்னா?"

டாக்டர் திரையைப் பார்த்தார். "டூட்டி நர்ஸ்னு எழுதியிருக்கேன். பேர் ஞாபகமில்லன்னாங்க."

"பேர எழுதிக்குங்க. நான்தான்."

"அம்மா, வேணாம்" என்றாள் மேடம்.

"நான்தான், டாக்டர். ஆழம் பாக்காம தச்சுட்டேன். வலிக்குதுன்னு அழுதா, விட்டுட்டேன். ஃபைல்ல நார்மல்னு எழுதினதும் நான்தான்." ஒரு கையால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே இதுல பேச ஒண்ணுமில்ல. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சுருங்க."

மெக்கானிக் நாற்காலியை விட்டு எழுந்தான். "அத்தை, போன வாரம் நீங்கதானே நார்மல்னு ஒத்தக் கால்ல நின்னீங்க?"

"போன வாரம் எனக்கு அறிவில்ல, மாப்பிள்ளை."

டாக்டர் பொறுமையாகப் பேசினார். திரும்பவும் அதே வழியில் பிறந்தால் மிச்சமிருக்கும் தசையும் பலவீனமாகலாம், ஆகாமலும் போகலாம். ஆபரேஷன் என்றால் அந்தப் பயம் குறையும். ஆனால் அது வயிற்றைத் திறக்கிற பெரிய ஆபரேஷன். ரத்தப்போக்கு உண்டு, தொற்று வரலாம், எழுந்து நடமாட நாளாகும், இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் அப்போது சிக்கல் கூடலாம். ஏற்கெனவே உள்ள தொந்தரவை ஆபரேஷன் சரிசெய்யாது, அதற்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது.

"இந்த நெலமையில ஆபரேஷன் கேக்குறது நியாயமான விஷயம்தான். எது முடிவானாலும் நான் கூட இருப்பேன். ஆனா முடிவு அவங்களோடது."

"அவளுக்கு என்ன தெரியும், டாக்டர்? நான் சொல்றேன்ல, ஆபரேஷனே..."

"அம்மா."

மேடம் சத்தம் போடவில்லை. ட்ரைவிங் ஸ்கூலில் கத்துகிற தொண்டை இல்லை அது.

"அன்னிக்கு முக்குன்னு சொன்ன, முக்கினேன். இப்ப வெட்டிக்கோன்னு சொல்ற. எத்தன நாளாடின்னு கேட்ட. எப்படிடி இருந்தன்னு நீ கேக்கல."

அம்மா இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். 

"ஆபரேஷன் வேணும்னு போன வாரம் நான்தான் கேட்டேன். இன்னிக்கு நீயும் அதையே சொல்ற. எனக்கு நிம்மதியா இருக்கணும்ல? இல்லம்மா. எனக்கு மூச்சு முட்டுது. நீ செஞ்சதுக்கு நீயே பரிகாரம் தேடிக்கிட்டு, அதுக்கும் என் வயித்தையே காட்டுற."

 மெக்கானிக் மனைவியின் தோளில் கை வைக்கப் போனான். அவள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை, மெதுவாக எடுத்து அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க. நான் டாக்டர்கிட்ட தனியா பேசணும்."

"நானுமா?" என்றான் அவன்.

"நீங்களும்தான். உங்ககிட்ட அப்புறம் பேசுறேன். கண்டிப்பா பேசுறேன்."

வெளியே வந்தார்கள். கதவு மூடிக்கொண்டது. முப்பத்தொரு வருஷத்தில் பெரிய சிஸ்டர் எத்தனை ஆயிரம் அம்மாக்களை, மாமியார்களை, புருஷன்மார்களை இப்படி வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியிருப்பாள்! கதவின் இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. காதைத் தீட்டிப் பார்த்தாள். உள்ளே மகளின் குரல் கேட்டது, என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. விட்டு விட்டுக் கேட்ட அந்தக் குரல் ஒரு கட்டத்தில் அழுகையாக மாறியது. ஐந்து வருஷ அழுகை. இவளுடைய கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் கையை எடுத்துக்கொண்டாள்.

"அத்தை."

மெக்கானிக் போனைக் கையில் வைத்திருந்தான். திரையில் அந்த ரிப்போர்ட். தேய்ந்த குரலில் பேசினான்.

"அஞ்சு வருஷமா அவகிட்ட என்னவோ இருக்குன்னு தெரியும். கேட்டா வயிறு சரியில்லம்பா. நானும் விட்டுருவேன். இதுல என்னதான் எழுதியிருக்கு? தையல்ல தப்புன்னா அவளுக்கு என்ன ஆச்சு? சொல்லுங்க. நீங்கதானே எப்பவும் படிச்சுச் சொல்லுவீங்க."

பெரிய சிஸ்டர் அந்தத் திரையைப் பார்த்தாள். படித்துச் சொல்வது அவளுக்கு ஒரு நிமிஷ வேலை. போனை வாங்கித் திரையை அணைத்து அவன் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

"அவளுக்கு என்னன்னு அவதான் சொல்லணும், மாப்பிள்ளை. சொல்ற வரைக்கும் நீங்க கேக்காதீங்க." அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.  "நான் செஞ்சது என்னன்னு மட்டும் நான் சொல்றேன். உக்காருங்க."